நாதக் கூம்பும் நம் வாவிக்கரையும்



மீன்பாடும் தேன்நாடு என்று புகழப்பெறும் இம்மட்டக்களப்பு நாட்டிலே, மறைந்துபோன யாழின் இலக்கணத்தைத் தமிழுலகுக்கு மீட்டுத் தந்த விபுலாநந்த அடிகளார் துயில்கொள்ளும் மண்ணுக்கு அண்மையிலே நின்று, இசைக்கருவி செய்யும் கலையைப் பற்றிப் பேசும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்ததைப் பெரும் பாக்கியமாகக் கருதுகின்றேன். பாடுவோரைப் பற்றியும், ஆடுவோரைப் பற்றியும், வாத்தியம் வாசிக்கும் வித்துவான்களைப் பற்றியும் பேசுவதற்கு மேடைகள் பல உண்டு. அந்த வாத்தியத்தை மரத்திலிருந்து பிறப்பித்துத் தரும் தச்சரைப் பற்றியும், உலோகத்திலிருந்து உருவாக்கித் தரும் கன்னாரைப் பற்றியும் பேசுவதற்குரிய மேடைகளோ மிகச் சிலவே. அக்குறையை ஓரளவேனும் தீர்க்க வேண்டும் என்னும் ஆவலாலேயே இப்பொருளைத் தேர்ந்துகொண்டேன்.

நான் பேசப் புகும் கருவி ஒருவகைக் கிற்றார். மடிமீது மல்லாக்கக் கிடத்தி, விரல்களால் தந்தியைப் பலகையோடு அழுத்தாமல், உருக்குக் கோலொன்றை அதன்மேல் வழுக்கிச் செலுத்தி வாசிக்கப்படுவது அது. அதன் கழுத்து உள்ளே குடைவாக அமைந்து, உடலின் வெற்றிடத்தோடு ஒரே அறையாக இணைந்து நிற்கும். அதன் வயிற்றிலே மெல்லிய அலுமினியக் கூம்பொன்று பதிக்கப்பட்டு, தந்தியின் துடிப்பை வாங்கி முழக்கமாக வெளிவிடும். பெயராலும் தோற்றத்தாலும் மேனாட்டுப் பொருளாகக் காணப்படும் இக்கருவி, லக்ஷணத்தால் நமக்கு நெருங்கிய உறவினது என்பதையும், அதைச் செய்வதற்கு வேண்டிய மரமும் கையும் கணிதமும் இவ்வாவிக்கரையிலேயே இருக்கின்றன என்பதையும், ஆகவே அதை இங்கே செய்து வாசித்துப் பார்ப்பது நமக்குரிய பணி என்பதையும் எடுத்துரைப்பதே என் நோக்கம்.

முதலில் வாவியிலிருந்தே தொடங்குவோம். இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848ஆம் ஆண்டிலே இங்கு வந்தபோது, நீருக்குள்ளிருந்து இசை எழுகின்றது என்று மீனவர் கூறிய செய்தியைக் கேட்டு, நிலவெழுந்த பின் தோணியேறிச் சென்று அவ்வொலியைத் தம் காதாலேயே கேட்டு, 1859இல் வெளிவந்த தம் நூலிலே அதை விரிவாக எழுதிவைத்தார். அவ்வொலிக்குக் காரணம் மீனா, ஊரியா என்னும் விவாதத்துக்குள் நான் இப்பொழுது புகவில்லை. அவர் எழுதியவற்றுள் கருவி செய்வோர் மனங்கொள்ள வேண்டிய குறிப்பு வேறொன்று: தோணியின் மரத்திலே காதை வைத்தபோது அவ்வொலி பன்மடங்கு பெருகிக் கேட்டது என்பதே அது. நம் மீனவர் துடுப்பின் ஒரு முனையை நீருள் ஆழ்த்தி மறுமுனையைக் காதிலே பொருத்திக் கேட்கும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். நீருக்கும் காற்றுக்கும் இடையே கடக்க இயலாமல் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும் அதிர்வை, மரம் வாங்கிக்கொண்டு செவிக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றது. ஓரிடத்து அதிர்வை மற்றோரிடத்துக்கு இழப்பின்றிக் கடத்துவது எப்படி என்பதே தந்திக் கருவி செய்வோர் அனைவருடைய பிரச்சினையும் ஆகும்; அதற்குரிய முதற்பாடத்தை இவ்வூர் மீனவர் எந்நாளிலோ கற்றுக்கொண்டுவிட்டனர்.

தந்தியைத் தனியே இழுத்துக் கட்டி மீட்டினால் அதன் ஒலி பக்கத்திலிருப்பவருக்கும் கேட்பது அரிது. மெல்லிய கம்பியொன்று எத்துணை வேகமாகத் துடித்தாலும், சுற்றியுள்ள காற்றை ஊடறுத்துச் செல்லுமேயன்றி அதைத் தள்ளி அசைக்கமாட்டாது. அத்துடிப்பைப் பரந்த பரப்பொன்றுக்கு ஒப்படைத்தால்தான், அப்பரப்பு காற்றைத் தள்ளும். காற்று செவியை அடையும். அப்பரப்பு கனமாயிருந்தால் தந்தியால் அதை அசைக்க முடியாது. மிக மெலிதாயிருந்தால் தந்தியின் இழுவிசையை அது தாங்காது. கனமின்றி உறுதியாயிருத்தல் என்னும் இவ்விரட்டை நிபந்தனையை நிறைவேற்றுவதற்கு உலகத்துப் பல்வேறு மக்கள் கண்ட உபாயங்களே வாத்தியங்களின் சரித்திரம் முழுவதும் விரவிக் கிடக்கின்றன.

நம் முன்னோர் கண்ட உபாயத்தைச் சற்றே நோக்குவோம். சங்ககால யாழின் பத்தர் என்னும் உறுப்பு குடைந்த மரத்தால் ஆனது. அதன்மேல் தோலைப் போர்த்து, அத்தோலின் வழியாகவே நரம்பின் துடிப்பைக் காற்றுக்குக் கொடுத்தார்கள். பொருநராற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும் யாழை உறுப்புறுப்பாக வருணிக்கும் பகுதிகளைப் படிப்போர், அப்புலவர்கள் பாணர் குடியோடு எத்துணை நெருங்கிப் பழகியிருந்தால் இவ்வளவு நுட்பமாக எழுதியிருக்க முடியும் என்று வியப்படைவர். விறைப்பாக இழுத்துப் போர்த்த தோல் கனமற்றது, விரிந்தது, விரைந்து அசைவது. பின்வந்த வீணையிலே தோல் போய், பலாமரத்துப் பலகை அவ்விடத்தைப் பெற்றது. அதனால் நாதம் நீண்டு நிற்கும் கார்வையையும் நிதானத்தையும் பெற்றது. அதே வீணையிலே தண்டியும் உள்ளே குடைவாகவே அமைக்கப்படுகின்றது. குடத்திலிருந்து யாளி முகம் வரை செல்லும் அத்தண்டி, மெட்டுக்களைத் தாங்கும் வெறும் கட்டையாக இராமல், தானும் அதிர்ந்து குடத்துக்குத் துணைபுரிகின்றது. ஆகவே, குடைவான கழுத்து என்பது தஞ்சாவூர்த் தச்சர் பரம்பரைக்கு நெடுங்காலமாகக் கைவந்த ஒன்று.

வழுக்கி வாசிக்கும் முறையும் அத்தகையதே. வீணையின் மெட்டுக்களை நீக்கிவிட்டு, கருங்காலிக் கட்டையொன்றைத் தந்திகளின்மேல் ஓட்டி வாசிக்கும் கோட்டுவாத்தியத்தைத் திருவிடைமருதூர் சகாராம ராவ் அவர்கள் சபைகளிலே பெருமைபெறச் செய்தார். அவர் காலத்துக்குப் பின் மைசூர் சமஸ்தான வித்துவான் நாராயண ஐயங்காரும், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் அதை வளர்த்தனர். நாராயண ஐயங்காரின் பேரராகிய ரவிகிரண் சித்திரவீணை என்னும் பெயரால் அதை உலகறியச் செய்திருக்கின்றார். தாய்த் தந்திகள், தாளத் தந்திகள், தாமே ஒத்து அதிரும் அநுநாதத் தந்திகள் என இருபத்தொரு தந்திகள் பூண்ட அக்கருவியில், ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்குப் போகும் வழி முழுவதும் செவிக்குப் புலனாகின்றது. மெட்டுக்கள் படிப்படியாக வெட்டித் தரும் ஒலியை, வழுக்கு கோல் ஒரே ஓட்டமாக இழைத்துத் தருகின்றது. மனிதக் குரலுக்கு மிக அண்மையில் நிற்பதும், கமகத்தைத் தன் சுபாவமாகவே கொண்டதுமான வாசிப்பு இது.

இனிப் பசுபிக் சமுத்திரத்தின் பக்கம் சிறிது திரும்புவோம். ஹவாய்த் தீவுகளிலே ஜோசப் கெக்குக்கு என்னும் மாணவர், 1880களின் பிற்பகுதியில் கிற்றாரை மடியிலே கிடத்தி உருக்குத் துண்டை அதன்மேல் வழுக்கி வாசிக்கும் முறையை வகுத்தார் என்பர். அவருக்கு முன்பே இந்தியாவிற் பிறந்து கப்பலேறி ஹொனலுலு சென்ற காபிரியேல் டேவியன் என்பவர் அவ்வாறு வாசித்தார் என்று கூறுவாரும் உளர். யார் முதல்வர் என்பதை விட, தொலைவான இரு கரைகளிலே ஒரே ஆசை எழுந்தது என்பதே நம் கருத்துக்குரியது. தந்தியைப் பாடச் செய்ய வேண்டும் என்பதே அவ்வாசை.

மடியிலே கிடக்கும் கிற்றாருக்குக் கழுத்து மெலிந்திருக்க வேண்டிய அவசியமில்லை; இடக்கை அதைச் சுற்றிப் பிடிப்பதில்லை அல்லவா? இந்த எளிய உண்மையை உணர்ந்தவர்கள், நார்வேயிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கிறிஸ் நுட்சன் என்பவரும், ஜெர்மனியிற் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலே பட்டறை வைத்திருந்த ஹெர்மன் வைசன்போர்ன் என்பவருமே. கழுத்தை அகலமாக்கி, அதன் உட்புறத்தைக் குடைவாக விட்டு, உடலின் காற்றறையை, கழுத்தின் மேல்முனையிலே தந்திகளைத் தாங்கும் மேருவின் அருகு வரை நீட்டினார் வைசன்போர்ன். 1920களிலே அவர் செய்த கருவிகள், வேல மரத்தின் குலத்தைச் சேர்ந்த கோவா என்னும் ஹவாய் மரத்தால் ஆனவை. இன்றும் அவற்றைத் தேடி அலைவோர் பலர். கழுத்துக்கும் உடலுக்கும் இடையே பொருத்து இல்லாமையால் அதிர்வு தடைப்படுவதில்லை. காற்றறை நீண்டமையால் மந்தர சுரங்கள் செறிவு பெறுகின்றன.

அக்காலத்திலே மேனாட்டு நடனக் குழுக்களில் எக்காளமும் முரசும் ஓங்கி ஒலித்தமையால் கிற்றாரின் குரல் அவற்றுள் அமிழ்ந்துபோயிற்று. மின்சாரத்தால் ஒலி பெருக்கும் கிற்றார் 1930களில்தான் தோன்றியது. அதற்கு முன்பே, ஸ்லோவாக்கியாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஜான் டொப்பியேரா என்னும் கைவினைஞர், ஜார்ஜ் போஷாம் என்னும் ஹவாய்க் கிற்றார் வாத்தியக்காரரின் வேண்டுகோளுக்கிணங்கி, வயிற்றிலே மூன்று அலுமினியக் கூம்புகளைக் கொண்ட கிற்றாரை 1927இல் உருவாக்கினார். பின்னர் ஒற்றைக் கூம்புடைய கருவிகளும், எட்டுக் கால்களையுடைய சிலந்தி வடிவான வார்ப்பொன்றின் வழியாகத் துடிப்பைக் கூம்பின் விளிம்புக்கு அனுப்பும் டோப்ரோ கருவிகளும் தோன்றின. இம்முயற்சிக்கு நம் பக்கத்திலும் ஒப்புமை உண்டு: எஸ்ராஜ் என்னும் வில்வாத்தியத்தின்மேல் உலோக ஊதுகுழலைப் பொருத்தித் தார் ஷெனாய் என்று பெயரிட்டு வாசிக்கும் வழக்கம் வட இந்தியாவிலே நிலவுகின்றது.

இக்கூம்பு செய்யும் வேலை யாது? சங்ககால யாழிலே தோல் செய்த அதே வேலையைத்தான் அது செய்கின்றது. கனமற்ற, விரிந்த, விரைந்து அசையும் பரப்பை மீண்டும் கருவிக்குத் தருகின்றது. ஒரே வேறுபாடு, யாழின் நரம்பு தோலை மேல்நோக்கி இழுத்தது. கிற்றாரின் தந்தி கூம்பைக் கீழ்நோக்கி அமுக்குகின்றது. கூம்பு வடிவம் அமுக்கத்தைத் தாங்குவதற்கென்றே அமைந்தது. தட்டையான தகடாயின் அதே கனத்தில் குழிந்து போய்விடும். ஆகவே மூன்று அங்கங்களையும் ஒருங்கே நோக்கினால், குடைவான கழுத்து வீணையினுடையது. வழுக்கு கோல் கோட்டுவாத்தியத்தினுடையது. மெல்லிய போர்வை யாழினுடையது. மூன்றையும் ஓருடலிற் சேர்த்துப் பார்க்கும் கருவியே நான் இன்று பேசும் கருவி. அதை அந்நியமென்று ஒதுக்குவதற்கு என்ன நியாயம் உண்டு?

இனி அதைச் செய்யும் முறைக்கு வருவோம். என் உள்ளம் நெடுநேரம் தங்க விரும்பும் இடம் இதுவே.

முதலாவது, விசைகளின் கணக்கு. ஆறு உருக்குத் தந்திகளின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 75 கிலோகிராம் வரை செல்லும். சாதாரணக் குடைகழுத்துக் கிற்றாரிலே தந்திகள் மேற்பலகையில் ஒட்டிய குதிரையிலேயே முடிவதால், அவ்விசை பலகையை மேல்நோக்கிப் புரட்ட முயலும். கூம்பு பொருத்திய கருவியிலோ தந்திகள் குதிரையைக் கடந்து சென்று, வீணையின் நாகபாசத்தைப் போலவே, உடலின் அடிமுனையில் முடிகின்றன. குதிரையைக் கடக்கும்போது தந்தி 8 பாகை அளவு கீழே வளையுமாயின், கூம்பின்மேல் விழும் அமுக்கம் ஏறக்குறைய 10 கிலோகிராம் ஆகும். வளைவு குறைந்தால் குதிரை கூம்பிலே உறுதியாக அமராமல் கறகறவென்று இரையும். மிகுந்தால் கூம்பு குழிந்து மூச்சடைத்துப் போகும். எஞ்சிய விசை முழுவதும் கருவியை நெடுக்குவாட்டில் மடிக்க முயல்வதால், குடைவான கழுத்தின் பின்பலகையைச் சிறிது தடிப்பாக விடுவதும், கழுத்திலிருந்து அடிமுனை வரை கனங்குறைந்த தாங்குகட்டையொன்றை உள்ளே செலுத்துவதும் அவசியமாகின்றன. குடைவை நாடுவோர் உறுதியை இழத்தலாகாது. உறுதியை நாடுவோர் குடைவை அடைத்துவிடலாகாது.

இரண்டாவது, கூம்பு. ஒற்றைக் கூம்பின் விட்டம் பெரும்பாலும் 24 சென்ரிமீற்றர் அளவினது. டோப்ரோ முறைக் கூம்பு 27 சென்ரிமீற்றரை நெருங்கும். மூன்று கூம்பு முறையில் ஒவ்வொன்றும் 15 சென்ரிமீற்றர். மில்லிமீற்றரிற் பாதிக்கும் குறைந்த தடிப்புள்ள அலுமினியத் தகட்டை வட்டமாக வெட்டி, கடைசல் இயந்திரத்திலே மர அச்சொன்றின் முகத்திற் பிடித்துச் சுழலவிட்டு, நெடிய பிடியுள்ள மழுங்கிய ஆயுதத்தால் மெல்ல மெல்ல அமுக்கி அச்சின்மேற் படியச் செய்வார்கள். உலோகம் அவ்வமுக்கத்தால் இறுகி உறுதி பெறுகின்றது. ஆயினும் ஒரே இடத்தில் அளவுக்குமேல் அமுக்கினால் மெலிந்து கிழிந்துவிடும். பித்தளைச் செம்பும் குத்துவிளக்கும் கடைந்து பழகிய கன்னாருக்கு இவ்வேலை புதிதாகத் தோன்றாது. கூம்பின் உச்சியிலே கடினமான மரவில்லையொன்றைப் பொருத்தி, அதன்மேல் குதிரையை நிறுத்துவது ஒற்றைக் கூம்பு முறை. இவ்வில்லைக்கு நம் கருங்காலியையும் முதிரையையும் பரீட்சித்துப் பார்க்கலாம். கனமான மரம் ஒலியின் கூர்மையைத் தணிக்கும், இலேசான மரம் அதை மிகுவிக்கும்.

மூன்றாவது, கூம்பு அமரும் விளிம்பு. மேற்பலகையிலே வட்டமாகத் துளையிட்டு, அதன்கீழே பலகை அடுக்குகளால் ஆன வளையமொன்றை அமைத்து, அதன்மேல் கூம்பின் ஓரம் எவ்விடத்திலும் தூக்கலின்றிப் படிய வேண்டும். ஒரு தாளின் தடிப்பளவு மேடுபள்ளம் இருந்தாலும் சில சுரங்களில் மட்டும் இரைச்சல் எழும். காரணம் தெரியாமல் தச்சர் மாதக்கணக்காகத் தேடும்படி நேரும். வளையத்தின் சுவரைக் கீழ்ப்பலகை வரை முழுதாக அடைத்துவிட்டால் கூம்பின் பின்னொலி சிறைப்பட்டுவிடும். பலகணிகள் திறந்து விட்டால் அவ்வொலி உடலெங்கும் பரவி, குடைவான கழுத்துக்குள்ளும் சென்று திரும்பும். கூம்பையும் குடைகழுத்தையும் ஒன்று சேர்ப்பதன் பயன் முழுவதும் இப்பலகணிகளிலேதான் தங்கியிருக்கின்றது. அவை இல்லையாயின் அவ்விரண்டும் ஒரே வீட்டிற் பேசாதிருக்கும் இரு குடும்பங்களைப் போல் வாழும்.

நான்காவது, ஒலியின் அளவும் ஆயுளும். விரலால் மீட்டும்போது தந்திக்கு நாம் கொடுக்கும் சக்தி வரையறைக்குட்பட்டது. கூம்பு அதை விரைவாகக் காற்றுக்கு வழங்கிவிடுவதால் ஒலி ஓங்குகின்றது. அதே காரணத்தால் கார்வை குறைகின்றது. மரப்பலகை சிறுகச் சிறுக வழங்குவதால் ஒலி தாழ்ந்தும் கார்வை நீண்டும் இருக்கின்றன. இரண்டையும் முழுதாகப் பெறுதல் இயற்கைக்கு ஒவ்வாது. ஆலாபனையின் நெடிய இழைவை விரும்பும் நம் செவிக்கு எந்த இடத்தில் தராசு சமநிலை பெற வேண்டும் என்பதை, வேறு நாட்டுச் செவிக்கென்று செய்யப்பட்ட கருவியிலிருந்து நாம் அறிய முடியாது. சிறிது தடித்த கூம்பு, சிறிது கனத்த வில்லை, சிறிது நீண்ட காற்றறை ஆகியவற்றை மாற்றி மாற்றி நாமே செய்து பார்த்தால்தான் அறிய முடியும். இதைத்தான் கருவி செய்யும் கலையின் உயிர்நிலை என்று நான் கருதுகின்றேன்.

ஐந்தாவது, சுரத்தானக் கோடுகள். மெட்டுக்கள் இல்லாத கருவியாதலால், கோல் நிற்க வேண்டிய இடங்களை மெல்லிய மரக்கீற்றுக்களாற் குறித்து வைப்பது வழக்கம். இங்கேதான் நம் அடிகளாரின் பேருழைப்பு நமக்குக் கைகொடுக்கின்றது. விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவர், சுரங்களின் அலகுகளைக் கணிதத்தால் நிறுவி, 14 ஆண்டுகள் ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்திலே அரங்கேறியது. அவர் கணக்கின்படி செய்யப்பெற்ற யாழையும் வீணைகளையும் அன்று ஊர்வலமாக எடுத்துவந்தார்கள். அடுத்த மாதமே அவர் இவ்வுலகை நீத்தார். யாழுறுப்பியல் என்று ஓர் இயலையே அந்நூலில் வகுத்தவர் அவர் என்பதைக் கருவி செய்வோர் நெஞ்சிற் பொறித்துக்கொள்ள வேண்டும்.

அவர் காட்டிய வழியில் ஓர் உதாரணம் சொல்கின்றேன். தந்தியின் நீளம் 63.5 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். இளியாகிய பஞ்சமம் தந்தியின் மூன்றிலொரு பங்கைக் கடந்த இடத்தில், அதாவது மேருவிலிருந்து 21.17 சென்ரிமீற்றரில் பிறக்கும். சுரங்களைச் சம இடைவெளியில் வகுக்கும் கிற்றாரின் சமபங்கீட்டுக் கணக்கு அதை 21.12 என்று வைக்கும்; வேறுபாடு அரை மில்லிமீற்றர் மட்டுமே, செவி அதைப் பொருட்படுத்தாது. ஆனால் 5க்கு 4 என்னும் விகிதத்தாற் பிறக்கும் காந்தாரம், ஐந்திலொரு பங்கைக் கடந்த 12.7 சென்ரிமீற்றரில் அமைகின்றது. சமபங்கீடோ அதை 13.1இல் வைக்கின்றது. இங்கே வேறுபாடு 4 மில்லிமீற்றர்! கடையிலே வாங்கும் கருவியின் கோட்டை நம்பிக் கோலை நிறுத்தும் மாணவனுடைய காந்தாரம் என்றும் சற்றே உயர்ந்து நிற்கும். அவன் செவி நாளடைவில் அதற்கே பழகிவிடும். நம் தச்சர் தாமே கோடிடும்போது, அடிகளாரின் அலகுகளை அளவுகோலிற் கொண்டுவந்து, இரட்டைக் கோடுகளாகவேனும் குறித்துவைக்கலாம். மேனாட்டார் வழக்கில் ச, ப, ச, க, ப, ச என்று நிற்கும் தந்திச் சுருதியையும், காந்தாரத் தந்தியைச் ஷட்ஜத்துக்கோ பஞ்சமத்துக்கோ மாற்றி, எல்லா இராகங்களுக்கும் பொதுவாக அமைத்துக்கொள்ளலாம்.

இனி, இதனை ஏன் இவ்வாவிக்கரையிற் செய்ய வேண்டும் என்னும் வினாவுக்கு விடை கூறுவேன்.

இங்கே மரம் உண்டு. கூம்பே முதன்மையாக ஒலிப்பதால், உடலுக்கு ஹவாய் மரமே வேண்டுமென்பதில்லை. வீணைக்குப் புகழ்பெற்ற பலா நம் வளவுகளிலே நிற்கின்றது. இலேசாயும் உறுதியாயும் உள்ள மலைவேம்பு இந்நாட்டுக் கட்டுமரங்களுக்குப் பயன்பட்டு வந்தது. அழகிய வரியோடிய முதிரையும் உண்டு. ஆனால் காலநிலை கடியது. கச்சான் வீசும் மாதங்களில் மரம் உலர்ந்து சுருங்கும். மாரியில் வாடையோடு மழை கொட்டும்போது அதுவே ஈரம் குடித்துப் பருக்கும். கடற்காற்றின் உப்பு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். உருக்குத் தந்தியைத் துருப்பிடிக்கச் செய்யும். குளிர்நாட்டுக் கருவி இங்கு வந்து பலகை வெடித்துக் கிடப்பது இதனாலேயே. இரு பருவங்களையும் கண்டு காய்ந்த மரத்தை, இக்காற்றுக்குள்ளேயே இழைத்துப் பொருத்துவோர் செய்யும் கருவி இங்கே நிலைக்கும்.

இங்கே கையும் உண்டு. போர்த்துக்கேயர் 1628இல் இந்நகரின் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். அக்காலத்தின் வழித்தோன்றல்களாகிய பறங்கியர் சமூகத்தார், போர்த்துக்கேய மொழியின் கிளையொன்றைத் தலைமுறைகள் பலவாகப் பேணியதோடு, தச்சு வேலையிலும் இரும்பு வேலையிலும் இந்நகருக்கு அரிய சேவை செய்து வந்திருக்கின்றனர். அவர்களுடைய கலியாண வீடுகளிலே வயலினும் கிற்றாரும் முழவும் சேர, கஃப்ரிஞ்ஞா ஆட்டம் களைகட்டும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை டச்பார்க் குடியிருப்பிலே அச்சமூகத்தவர் பலரைக் காவுகொண்டது. அவர்களோடு எத்தனை கைத்திறன்கள் மறைந்தன என்பதை யார் கணக்கிடுவார்? எஞ்சியிருக்கும் திறனைப் போற்றிக் காப்பது, தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்னும் பேதமின்றி, இவ்வாவியின் நீரைப் பகிர்ந்து வாழும் நம் அனைவருக்கும் உரிய பொறுப்பு. ஒரு சமூகத்தின் தச்சும், மற்றொரு சமூகத்தின் பண்ணும், இன்னொரு சமூகத்தின் உலோக வேலையும் ஓர் உடலிற் சேரும் கருவி, இந்நாட்டின் உண்மை உருவத்தை ஒலியிலே காட்டும்.

இங்கே கல்வி நிலையமும் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியிலேயே இயங்குகின்றது. வாய்ப்பாட்டும் வீணையும் வயலினும் மிருதங்கமும் பயிலும் மாணவர், அவற்றின் உட்புறத்தையும் அறிய வேண்டாமா?

இக்கருவி நம் இசைக்குப் பொருந்துமோ என்று ஐயுறுவோருக்கு வட இந்தியாவின் அநுபவம் போதிய விடை. பிரிஜ் பூஷண் காப்ரா வழுக்குக் கிற்றாரில் இந்துஸ்தானி இராகங்களை வாசித்து, 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌரசியா ஆகியோரோடு சேர்ந்து வெளியிட்ட இசைத்தட்டு பெரும் புகழ் பெற்றது. விசுவ மோகன் பட் தம் கிற்றாரிலே சுருதித் தந்திகளும் அநுநாதத் தந்திகளும் சேர்த்து மோகன வீணை என்று பெயரிட்டார். அமெரிக்கரான ரை கூடருடன் அவர் வாசித்த இசைத்தட்டு 1994இல் கிராமி விருது பெற்றது. அவர்கள் வாங்கிய கருவியோடு திருப்தியடையவில்லை; தம் செவி கேட்டபடி அதை மாற்றினார்கள். அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது அத்துணிவே.

ஆகவே, மூன்று விண்ணப்பங்களை இவ்வவையின்முன் வைக்கின்றேன். முதலாவதாக, இசை பயிற்றும் நிலையங்களிலே கருவியாக்கம் ஒரு பாடமாக வேண்டும். மாணவர் ஒருவர் தம் பயிற்சிக் காலத்துக்குள் ஒரு கருவியையேனும் தம் கையாற் செய்து முடிக்க வேண்டும். இரண்டாவதாக, ஒரே அளவுடைய உடல்களைப் பலாவிலும் மலைவேம்பிலும் முதிரையிலும் செய்து, ஒரே கூம்பை ஒவ்வொன்றிலும் பொருத்தி, கேட்போர் பலர் கூடியிருந்து தீர்ப்புச் சொல்லும் பரீட்சைகள் நடைபெற வேண்டும். மூன்றாவதாக, தடிப்பு, நீளம், வளைவு, மரம் காய்ந்த காலம் ஆகிய அளவுகளெல்லாம் தமிழிலே எழுதப்பட்டு, படங்களோடு அச்சேற வேண்டும். வாய்மொழியாகவே வந்த எத்தனையோ தொழில் நுட்பங்கள், கடைசித் தச்சரோடு மண்ணாகிவிட்டன. யாழ் மறைந்தது யாழ்ப்பாடல் மறைந்ததால் மாத்திரம் அன்று. அதைச் செய்யத் தெரிந்தவர் அருகியதாலும் மறைந்தது. நூல்களிலே சிதறிக் கிடந்த குறிப்புக்களைக் கூட்டி அதன் உருவத்தைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு மாமேதை தம் ஆயுளிற் பதினான்கு ஆண்டுகளைச் செலவிட நேர்ந்தது. எழுதிவைத்திருந்தால் அவ்வுழைப்பு வேறொரு பேரிலக்கியத்துக்குப் பயன்பட்டிருக்கும் அல்லவா?

பிறர் செய்து அனுப்பும் கருவியை வாசிப்போர், பிறர் செவி வகுத்த எல்லைக்குள்ளேயே பாட வேண்டியவராவர். செய்யத் தெரிந்த சமூகமே தனக்கு வேண்டிய கார்வையையும், தனக்கு வேண்டிய காந்தாரத்தையும் தானே தீர்மானித்துக்கொள்ளும். அந்தச் சுதந்திரத்தை நம் இளைஞர் கைக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றேன்.